மாஸ்டர் நம்பரை மாற்றியது நான்தான்

நைனா,

போன வாரத்திலிருந்து நம் வீட்டு அலாரத்தின் ஆப் உன் போனில் திறக்கவில்லை என்றாய். நெட் போய்விட்டதா, பேனலில் பேட்டரி தீர்ந்துவிட்டதா, குரங்கு வந்து வயரை இழுத்துவிட்டதா என்று விதவிதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாய். வயரே இல்லாத சாமான் என்று சொல்லித்தானே வாங்கி வந்தாய், அதில் எந்த வயரைக் குரங்கு இழுக்கும்? ஒன்றும் ஆகவில்லை. நெட் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, கரண்டும் இருக்கிறது. மாஸ்டர் நம்பரை மாற்றியது நான்தான். உன் போனை அதிலிருந்து எடுத்துவிட்டதும் நான்தான். எதிர்வீட்டுச் செல்வி கூடவே இருந்தாள், ஆனால் செய்தது என் கை. யாரோ சொல்லிக்கொடுத்து அம்மா ஆடுகிறாள் என்று நினைக்காதே.

நேற்று இதைச் சொன்னதும் நீ போனில் கத்தியது எதிர்வீட்டில் அவளுக்குக் கூடக் கேட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை டெம்போவோடு வருகிறேன், வீட்டைப் பூட்டிவிட்டு உன்னைப் புனேவுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாய். நான் பதில் பேசாமல் வைத்துவிட்டேன். பயந்துபோய் வைக்கவில்லை. போனில் நான் ஒன்று சொன்னால் நீ மூன்று சொல்வாய், அதில் என் ஒன்று காணாமல் போய்விடும். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். இதைப் படமெடுத்து நம் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் போடப் போகிறேன். “அம்மாவால இனிமே தனியா இருக்க முடியாது” என்று நீ போட்டது அங்கேதானே? அன்றைக்குக் கைகூப்பும் பொம்மை போட்ட சித்தப்பா, பெரியம்மா எல்லாரும் இதையும் படிக்கட்டும்.

நீ அந்தப் பெட்டியைக் கொண்டுவந்த நாளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பொய் சொல்ல மாட்டேன், பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்துத் தெருவில் கல்யாணத்துக்குப் போனவர்கள் வீட்டில் பூட்டை உடைத்துத் திருடியிருந்தார்கள். அதை நீ குழுவில் படித்துவிட்டு அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டு வந்தாய். பூட்டியிருந்த வீட்டைத்தான் உடைத்தார்கள் என்பதை நீயும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏணி மேல் ஏறி நின்று, பேனலைக் கூடத்துச் சுவரில் திருகி மாட்டினாய். வாசல் கதவிலும் கொல்லைக் கதவிலும் மாடிக் கதவிலும் கதவுக்கு ஒரு துண்டு, நிலைக்கு ஒரு துண்டு என்று காந்தம் ஒட்டினாய். இரண்டும் பிரிந்தால் கதவு திறந்ததாக அர்த்தம், அந்த நிமிஷமே புனேயில் உன் போனுக்குத் தகவல் வந்துவிடும் என்று சிரித்தாய். ஆள் நடந்தால் கண்டுபிடிக்கிற சென்சாரைக் கூடத்து மூலையில் வைத்தாய். சைரனை வெளியே மாடிச் சுவரில், தெருவே பார்க்கிற மாதிரி மாட்டினாய். வியர்வையைத் துடைத்துக்கொள்ள நான் துண்டு கொடுத்தபோது, “இனிமே நீ நிம்மதியா தூங்கலாம்மா” என்றாய். நீ சொன்ன நிம்மதி உனக்குத்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எனக்கென்று ஒரு நம்பர் கொடுத்தாய். உனக்கென்று மாஸ்டர் நம்பர் என்று வேறொன்று வைத்துக்கொண்டாய். உன்னுடையதை வைத்து எதை வேண்டுமானாலும் மாற்றலாம். என்னுடையதை வைத்து அது கத்தினால் வாயை மூடச் சொல்லலாம், அவ்வளவுதான். நான் கட்டிய வீட்டில் எனக்குக் கிடைத்த அதிகாரம் அது. நான் கட்டிய வீடு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? கீழ்த்தளம் உன் அப்பா சம்பளம். மேல்தளம், கூடத்துத் தரை, கிணற்றடிச் சுவர், இதெல்லாம் இந்த ஊர்ப் பெண்களுக்கு நான் தைத்துப் போட்ட ரவிக்கை. இன்றைக்கும் மெஷின் நிற்கவில்லை. அளவு கொடுக்க வருகிறவர்களும் தைத்ததை வாங்க வருகிறவர்களும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வந்து போவார்கள். ஒருத்தியாவது வாசலில் நின்று மணி அடித்ததை நீ பார்த்திருக்கிறாயா? “அக்கா” என்று கூப்பிட்டபடியே உள்ளே வந்துவிடுவார்கள். அந்தக் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் புனேயில் உன் போன் அடித்தது.

அதற்கப்புறம் என் பாடு என்னவாயிற்று என்று நினைத்துப் பார். “ரெண்டு மணிக்குக் கொல்லைக் கதவு தொறந்துச்சே, யாரும்மா?” துணி காயப்போட நான்தானப்பா திறந்தேன். “வாசக்கதவு ரொம்ப நேரமா தொறந்தே கெடக்குதே?” காற்று வரட்டும் என்று வைத்திருக்கிறேன். “ஒம்போது மணிக்கு மேல கூடத்துல யாரோ நடந்தாங்க.” நான்தான், தண்ணீர் குடிக்க எழுந்தேன். எனக்கு மாமியார் இருந்த காலத்தில் கூட இத்தனை கேள்விக்கு நான் பதில் சொன்னதில்லை. அந்தப் புண்ணியவதி கேட்டால் எதிரே நின்று கேட்பார், நானும் எதிரே நின்று ஒரு பார்வை பார்ப்பேன், கணக்கு சரியாகிவிடும். எங்கேயோ மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறவனை நான் எப்படிப் பார்ப்பேன்?

உன் அலாரம் பிடித்த முதல் திருடன் யார் என்று நினைவிருக்கிறதா? மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு. சமையல்கட்டு ஜன்னல் வழியாக வந்து கூடத்தில் இருந்த வாழைத்தாரைப் பிடித்து இழுத்தது. சைரன் கத்தியதும் மனுஷர்கள் ஓடினார்கள், குரங்கு உட்கார்ந்து பழத்தை உரித்தது. தெருவே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை, ஜன்னலுக்கும் ஒரு காந்தம் வாங்கி அனுப்பினாய்.

இவ்வளவும் நான் பொறுத்துக்கொண்டேன். பிள்ளை ஆசைப்பட்டுச் செய்தது, போகட்டும் என்று விட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு முதல்நாள், பரணியன்று நடந்ததை மட்டும் விட மாட்டேன்.

குழுவில் நீ போட்டது அரைக்கதை. முழுக்கதையை நான் சொல்கிறேன். பொதட்டூர்பேட்டை முனிரத்தினத்தை உனக்குத் தெரியும். லுங்கித் தறி ஓட்டுகிறவர். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே ஆடிப் பரணியன்று பூக்காவடி எடுத்து நடந்து வந்து, நம் வீட்டுக் கூடத்தில் இளைப்பாறிவிட்டுத்தான் மலை ஏறுவார். மகள் சாகக் கிடந்து பிழைத்ததிலிருந்து அவருக்கு ஒரு வேண்டுதல். காவடியைத் தோளில் ஏற்றினால் மலை மேல் முருகனைப் பார்க்கும்வரை வாய் திறந்து பேச மாட்டார். காவடி தரையில் படக்கூடாது என்பதற்காகத்தான் கூடத்து உத்தரத்தில் உன் அப்பா கொக்கி போட்டு வைத்தார். கை இரண்டும் காவடியில் இருக்கும், வாய் வேண்டுதலில் இருக்கும். அப்படி வருகிறவர் எப்படிக் கதவைத் தட்டுவார், எப்படிக் கூப்பிடுவார்? அதனால்தான் அன்றைக்கு நம் வாசல் தாழிடுவதில்லை. தோளால் தள்ளினால் திறக்கும். உள்ளே வந்து கொக்கியில் காவடியை மாட்டிவிட்டு உட்காருவார், நான் நீர்மோர் கொடுப்பேன். இதெல்லாம் உனக்குத் தெரியாத விஷயமா? சின்ன வயதில் அவர் காவடியில் இருந்து விழுகிற பூவைப் பொறுக்க நீதானே முதலில் ஓடுவாய்?

அந்த வாரம் முழுக்க அந்தச் சாமானைத் தொடாதே என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். நீயும் சரி என்றாய். பரணியன்று மத்தியானம் மோருக்குத் தயிர் போதவில்லை என்று கடைவீதிக்குப் போனேன். கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போனேன். ஊர் கொள்ளாத கூட்டம், பம்பையும் அரோகராவும் காதை அடைத்தன, பைக்குள் போன் அடித்தது எனக்கு எப்படிக் கேட்கும்? நான் எடுக்கவில்லை என்றதும் நீ பயந்துவிட்டாய். வீட்டில் ஆளில்லை, ஊரெல்லாம் வெளியாட்கள் என்று நினைத்து, அங்கேயிருந்தே ஆப்பைத் தட்டி அலாரத்தைப் போட்டுவிட்டாய். எனக்கு மெசேஜ் அனுப்பினாயாம். அனுப்பினாய், பார்த்தேன், எல்லாம் முடிந்தபிறகு.

முனிரத்தினம் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சைரன் கத்தியது. உன் போன் அடித்தது. நீ இங்கே இருக்கிற உன் பள்ளிக்கூட நண்பனுக்குப் போன் போட்டு வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டான், ஓடு என்றாய். அவன் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தான். நான் தயிரோடு தெரு முனை திரும்பும்போது வாசலில் கூட்டம். “யாருய்யா நீ? ஆளில்லாத வூட்ல இன்னா பண்ணிகினு இருக்க? வாயத் தொறந்து சொல்லுய்யா” என்று உன் நண்பன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவர் வாய் திறக்கவில்லை. திறக்க மாட்டார். இன்னொருத்தன் போனில் படம் பிடித்தான். இழுத்த இழுப்பில் காவடி சாய்ந்து நம் வாசற்படியில் தட்டி, பூவெல்லாம் உதிர்ந்து, தரையில் விழுந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்க்காத காட்சி அது, என் வாசலில் பார்த்தேன். “அவர வுடுங்கடா” என்று நான் போட்ட சத்தத்தில்தான் விட்டார்கள். அவர் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து காவடியை எடுத்து, மண்ணைத் தட்டி, தோளில் வைத்துக்கொண்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. மோரும் குடிக்கவில்லை. அப்படியே மலைப்படியைப் பார்த்து நடந்துவிட்டார்.

அப்போது நீ மறுபடி கூப்பிட்டாய். எடுத்தேன். “ம்மா, புடிச்சிட்டாங்களா?” என்று கேட்டாய். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, நைனா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். வருத்தப்படுவாய் என்று நினைத்தேன். “தெரியாம நடந்துட்ச்சி, வுடும்மா. அவரும் ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல” என்றாய். இத்தனை வருஷம் ஒருத்தர் காப்பாற்றி வந்த வேண்டுதலை, உன் மெஷினுக்குப் பதில் சொல்வதற்காக அவர் உடைத்திருக்க வேண்டும் என்கிறாய். நீ கெட்டவன் இல்லை. ஆனால் அந்த வார்த்தை கெட்ட வார்த்தை.

அவர் கொண்டுவந்த துணிப்பை கூடத்திலேயே கிடந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து எடுத்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். வரவில்லை. கிருத்திகைக் கூட்டம் கலைந்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, அவர் வீட்டம்மா காப்பி போட்டுக் கொடுத்தார், மகள் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் உட்கார வைத்தாள். நடந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கிளம்பும்போது, அடுத்த கிருத்திகைக்கு வருவீர்கள்தானே என்று கேட்டேன். லுங்கி ஓரத்தைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

“வூடு உங்களுதுன்னா சொல்லுங்கம்மா, வரேன். உங்க புள்ளையுதுன்னா வாணாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை என்பதுதான் விஷயம். என்னுடையது என்று வாய் வரைக்கும் வந்தது. வீட்டு வரி என் பெயரில், பத்திரம் என் பெயரில். ஆனால் என் கதவை நான் திறந்து வைத்துவிட்டுப் போனால் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒருத்தன் அதற்குக் காவல் போட முடிகிறது, யார் திருடன், யார் விருந்தாளி என்று அவன்தான் முடிவு செய்கிறான். அப்புறம் அது யார் வீடு? சொல்லி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது, வீடு வந்து சேர்வதற்குள் அந்த வெட்கம் கோபமாகிவிட்டது.

அந்தக் கோபத்தோடுதான் பெட்டிக்குள் கிடந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். எறும்பு எழுத்து, அதிலும் பாதி சீனம். கண்ணாடி போட்டுக்கொண்டு மீதிப் பாதியைப் படித்தேன். ஓவர்லாக் மெஷின் வாங்கியபோதும் இப்படித்தான் ஒரு புத்தகம் கொடுத்தார்கள், படம் பார்த்தே நூல் கோத்தவள் நான், இது என்ன பெரிய கம்பசூத்திரமா? நாலு நாள் சாயங்காலம் செல்வியும் நானும் உட்கார்ந்தோம். “அக்கா, ஏதாச்சும் ஆய்ட்ச்சின்னா உங்க புள்ள என்ன திட்டும்” என்று அவள் நடுங்கினாள். திட்டினால் நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன், நீ டார்ச்சைப் பிடி என்றேன். பேனலின் அடியில் ஒரு பொட்டு ஓட்டை இருக்கிறது, அதில் குத்தி அழுத்திக்கொண்டே இருந்தால் எல்லாம் அழிந்து புதுசாகிவிடும் என்று போட்டிருந்தது. என்னிடமா ஊசிக்குப் பஞ்சம்? குத்தினேன். பேனல் விளக்கெல்லாம் ஒரு தடவை எரிந்து அணைந்தது. நீ போட்ட நம்பர், நீ போட்ட கட்டளை, உன் போன், எல்லாம் போயிற்று.

அப்புறம் ஒவ்வொன்றாக நானே சேர்த்தேன். பேனலில் பட்டனை அழுத்தி, காந்தத்தைப் பிரித்துச் சேர்த்தால் ‘பீப்’ என்று ஒரு சத்தம், உன்னைத் தெரிந்துகொண்டேன் என்று அர்த்தம். கொல்லைக் கதவைத் தப்பாக வாசல் கதவு என்று சேர்த்துவிட்டு மறுபடி அழித்தேன். தையலில் பிரிக்காத பிரிப்பா? என் போனில் ஆப்பை இறக்கி, வீட்டுக்காரர் என்று கேட்ட இடத்தில் என் பெயரையும், மாஸ்டர் நம்பர் கேட்ட இடத்தில் என் நம்பரையும் போட்டேன். இப்போது நிலவரம் என்னவென்றால், வாசல் கதவு திறந்தால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் மட்டும். மெஷினில் இருக்கும்போது யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அது நல்ல வசதி, அதற்காக உனக்கு நன்றி. கொல்லைக் கதவும் மாடிக் கதவும் நான் படுக்கப் போகும்போது காவலுக்குப் போய்விடும். அவற்றை யாராவது தொட்டால் ஊரே எழுந்திருக்கும். நான் ஒன்றும் திருடனுக்குப் பந்தல் போட்டு வைக்கிறவள் இல்லை. நடமாட்டம் பார்க்கிற சென்சாரைக் கூடத்திலிருந்து கழற்றி மாடிப்படியில் வைத்துவிட்டேன். வெளியூரிலிருந்து அலாரத்தைப் போடுகிற வசதியை அணைத்துவிட்டேன். ஆபத்துக்கு அழுத்துகிற ரிமோட் இருக்கிறதல்லவா, அதை அழுத்தினால் பேனல் மூன்று பேரைக் கூப்பிடும். முதலில் செல்வி. இரண்டாவது தெருமுனை ஆட்டோக்காரர். மூன்றாவது நீ.

மூன்றாவதா என்று உனக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்கட்டும். ஆனால் ஏன் என்று கேட்டுவிட்டுக் கோபப்படு.

உன் அப்பா போன நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசியதே இல்லை. நீ விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது அவரைக் கிடத்தியிருந்தோம். அதற்கப்புறம் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் கனகம்மாசத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு ரவிக்கைகளைக் கொடுக்கப் போயிருந்தேன். அவர் கூடத்தில் தனியாக இருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது அவரால் சத்தம் போட முடிந்திருக்காது. தண்ணீர் குடத்தோடு தெருவில் போன செல்வி, திறந்திருந்த வாசல் வழியாகப் பார்த்தாள். குடத்தைத் தெருவிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள், ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில்தான் உயிர் போனது. அதுவரை “செல்வி, அவகிட்ட சொல்லு, பயப்பட வாணான்னு சொல்லு” என்று அவர் பேசிக்கொண்டே போனார். நான் வந்தபிறகு அவள் அதை அப்படியே என்னிடம் சொன்னாள். இந்த மூன்று வருஷம் நான் உயிரோடு நடமாடுவது அந்த ஒரு வார்த்தையில்தான். கதவு சாத்தியிருந்தால் எனக்கு அந்த வார்த்தை கிடைத்திருக்காது. காந்தம் பிரியாத கதவு, சத்தம் போடாத சைரன், உன் போனில் எல்லாம் பச்சை விளக்கு, உள்ளே உன் அப்பா தனியாகப் போயிருப்பார்.

அன்றைக்கு நீ பக்கத்தில் இல்லை என்கிற பயம்தான் உன்னை இப்படி ஆட்டுகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நேற்று கத்திக்கொண்டே வந்தவன் கடைசியில் குரல் உடைந்து, “உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் இன்னாம்மா பண்ணுவேன்?” என்றாய். அந்தக் கேள்வி மட்டும்தான் நிஜம். அதை முதலிலேயே கேட்டிருந்தால் நான் உன்னை மடியில் போட்டுத் தட்டியிருப்பேன். பயத்தைப் பயம் என்று சொல், நைனா. பாதுகாப்பு என்று அதற்கு வேறு பெயர் வைத்து என் சுவரில் திருகாதே. உனக்கும் ஒரு பெண் வளர்கிறாள். நாளைக்கு அவள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று அவள் போனில் நீ ஏதாவது போட்டு வைப்பாய், தெரியும். உன் அப்பா டெலிபோனுக்குப் பூட்டுப் போட்டபோது நீ என்ன செய்தாய்? ரிசீவர் வைக்கிற பட்டனைத் தட்டித் தட்டியே நம்பர் போட்டுப் பேசினாய். பில் வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. பூட்டுப் போட்டவர் தோற்றார், நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். குட்டி பாய்வதைப் பார்த்துத் தாய்க்கும் பழைய எட்டடி நினைவு வரும் என்று உனக்குத் தோன்றவில்லையே.

உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். ஆகும். ஒரு நாள் ஆகத்தான் ஆகும். புனேயில் பதினாலாவது மாடியில் ஆனாலும் ஆகும், இங்கே ஆனாலும் ஆகும். அங்கே நீயும் மருமகளும் வேலைக்குப் போனபிறகு எனக்கு மயக்கம் வந்தால், எதிர் வீட்டுக்காரர் பெயர் கூட எனக்குத் தெரியாது. இங்கே என் வாசலைத் தாண்டிப் போகிற யாரும் தலையைத் திருப்பாமல் போக மாட்டார்கள். உன் மேல் பாசம் குறைவென்று உன்னை மூன்றாவதாகப் போடவில்லை. செல்வி வர ஒரு தெரு கடக்க வேண்டும், நீ வர நாலு மாநிலம் கடக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. நான் வர மாட்டேன். நடக்க முடியாமல் போனால் யோசிக்கலாம், அதையும் நான்தான் யோசிப்பேன்.

மாஸ்டர் நம்பரை மாற்றிய மறுநாள் காலையில் முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன். வீடு என்னுடையதுதான் என்றேன். “ஆங், சரிம்மா, வரேன்” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. நீ டெம்போவோடு வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து இந்த மாதக் கிருத்திகை. ஆடியில் மண்ணில் பட்ட காவடிக்காக மறுபடியும் வேண்டிக்கொண்டு, மறுபடியும் பேசாமல் நடந்து வருகிறாராம். நீ வா. டெம்போவைத் திருப்பி அனுப்பிவிட்டு இரண்டு நாள் இரு. அவர் வரும்போது நான் கொல்லையில் இருப்பேன், வாசலில் நீதான் நிற்பாய். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம், அவரால் அதற்குப் பதில் சொல்லவும் முடியாது. கதவை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டு, “வாங்க” என்று சொல். அந்த ஒரு வார்த்தையை உனக்குப் பதிலாக நான் சொல்ல மாட்டேன்.